மஞ்சள் தண்ணீர் தெளித்த படிகள்

எங்கள் சித்திக்குக் கல்யாணப் பேச்சு எடுத்தால் போதும், வானத்துக்கு மூக்கில் வியர்த்துவிடும் என்று அப்பா சொல்வார். முதல் சம்பந்தம் சாதகத்தில் முறிந்தது. அடுத்த மாப்பிள்ளை வேலை கிடைத்து ரொறன்ரோவுக்குப் போனவர், போனவர்தான். மூன்றாவதாக லவாலில் இருந்து பெண் பார்க்க வரவிருந்த ஞாயிற்றுக்கிழமைக்கு முதல்நாள், மொன்றியலின் மொத்தப் பனியும் எங்கள் தெருவில்தான் கொட்டியது.

அம்மாவின் தங்கையான சித்தி எங்களோடுதான் இருந்தார். என் அறையில் எனக்குப் பக்கத்துக் கட்டில். "இதுவும் சரிவராட்டி இனி நான் ஒருத்தருக்கும் தேத்தண்ணி தூக்க மாட்டன்" என்று அம்மாவிடம் சொல்லியிருந்தார். சொன்னால் சொன்னதுதான். இன்னொரு நாள் வைக்கலாமா என்று அப்பா கேட்டுப் பார்த்தார். பார்த்து வைத்த நாளை மாற்றுவது சகுனப் பிழை என்று மாப்பிள்ளையின் தாயார் மறுத்துவிட்டார்.

விடிந்ததும் கதவைத் திறந்தால், வெளியே வெள்ளையாக இன்னொரு கதவு நின்றது. எங்கள் வீடு மாடியில். தெருவுக்கு இறங்க வெளிப்பக்கமாக வளைந்த இரும்புப் படி இருக்கும். அன்று அது இருந்த இடத்தில் ஒரு சறுக்குமரம் கிடந்தது. அப்பா வாசலில் நின்றபடியே பனி அள்ளும் சவளால் முதல் படியைத் தோண்டி எடுத்தார், பிறகு அதன்மேல் நின்று அடுத்ததை. அள்ளிய பனியை எல்லாம் படியோரமாகக் குவித்தார். மத்தியானத்துக்குள் படிகள் ஒவ்வொன்றும் இரும்பு தெரியச் சுத்தமாகிவிட்டன. படியில் பனிக்கட்டி பிடிக்காமல் போட உப்பில்லை, தெருமுனை தெப்பனேர் கடையிலும் முடிந்துவிட்டது. "ஈரம் இல்லைத்தானே, வழுக்காது" என்று சொல்லிவிட்டு, விருந்தாளிகளின் காருக்கு இடம் வெட்டப் போனார்.

அப்போதுதான் அம்மாவுக்கு வாசல் நினைவு வந்தது. நல்ல காரியத்துக்கு ஆட்கள் வரும்போது வாசலில் மஞ்சள் தண்ணீர் தெளிக்காமல் இருக்கலாமா? எங்கள் வாசல் மாடியில் இருக்கிறது, ஆகவே வாசல் என்பது படி முழுவதும்தான் என்று அம்மா முடிவெடுத்தார். செம்பில் மஞ்சளைக் கரைத்து மேலிருந்து கீழ்வரை தாராளமாகத் தெளித்தார். வெளியே நின்ற குளிர் அந்தத் தண்ணீரைக் கீழே ஒழுகக்கூட விடவில்லை.

சித்தி அறையை விட்டு வரக்கூடாது என்பது உத்தரவு. நானும் அவரும் அறை ஜன்னலில் முகத்தை ஒட்டிக்கொண்டு நின்றோம். கார் வந்தது. தாயார் இறங்கினார். மகன் வாழைப்பழத் தட்டத்தோடு முன்னால் ஏறினார். பாதிப் படிவரை நன்றாகத்தான் வந்தார். பிறகு வாழைப்பழம் ஒரு பக்கம் போக, அவர் மறுபக்கம் கைப்பிடிக் கம்பிக்கு மேலால் அப்பா குவித்த பனிக்குள் போய் விழுந்தார். வெளியே தெரிந்தது சப்பாத்து மட்டும்தான்.

கீழே அம்மா செம்பைப் போல வாயைத் திறந்தபடி நின்றார். தாயார்தான் முதலில் வாய் திறந்தார். "பொம்பிளை வீட்டு வாசலிலையே விழுந்திட்டான்." இத்தோடு இந்தச் சம்பந்தமும் சரி என்று அப்பாவின் முகத்தில் எழுதி ஒட்டியிருந்தது.

அந்த நேரம் பார்த்துச் சித்தி சிரித்தார். வாயைப் பொத்தியும் நிற்காத சிரிப்பு, தெரு முழுக்கக் கேட்டிருக்கும். அம்மா நிமிர்ந்து பார்த்த பார்வையில் பனியே உருகியிருக்க வேண்டும்.

பனிக்குள்ளிருந்து ஒரு தலை வெளியே வந்தது. மீசையெல்லாம் வெள்ளை. "ஆர் அங்கை சிரிக்கிறது?"

சித்தி ஜன்னலைத் திறந்தார். "நான்தான். அடி பட்டிட்டுதோ?"

"எனக்கில்லை. வாழைப்பழத்துக்குத்தான்."

இப்போது அவரும் சிரித்தார். எனக்கோ சந்தோசம் தாங்கவில்லை. விழுந்தவர் திரும்பிப் போய்விடுவார், சித்தி என் அறையிலேயே இருப்பார் என்று அவசரமாகக் கணக்குப் போட்டேன். அவரோ கம்பியைப் பிடித்துத் தவழ்ந்து மேலே வந்து, இரண்டு தரம் தேத்தண்ணீர் வாங்கிக் குடித்தார்.

அவர்கள் புறப்படும் நேரம் நகரசபையின் பனி தள்ளும் வண்டி வந்து, தெருப்பனியை எல்லாம் அவர்களுடைய காரின்மேல் ஏற்றிவிட்டுப் போனது. மாப்பிள்ளை எழுந்தார். "நான் போய் எடுத்துவிடுறன்."

"ரெண்டு சவள் இருக்கு" என்றார் சித்தி, ஒருவரும் கேட்காமலே. கூறைச்சேலை மாதிரி மின்னிய சேலைக்கு மேலே அப்பாவின் ஜாக்கெட்டைப் போட்டுக்கொண்டு, பின்படியால் இறங்கிப் போனார்.

பெரியவர்கள் மூவரும் ஜன்னலடியில் நின்று பார்த்தார்கள். "வீட்டிலை ஒருநாளும் சவளைத் தொடாத பிள்ளை" என்றார் தாயார். அவர் குரலில் கோபம் இருந்ததாகத் தெரியவில்லை. நானும் உதவிக்குப் போகச் சப்பாத்தை மாட்டினேன். அம்மா என் கழுத்துப்பட்டியில் பிடித்து நிறுத்தினார். "நீ போகத் தேவையில்லை. பேசாமல் இரு."

அவர்களைப் போல மந்தமான வேலைக்காரர்களை நான் கண்டதில்லை. அப்பா தேத்தண்ணீர் ஆறுவதற்குள் முடிக்கிற வேலை அது. இவர்கள் சவளை ஊன்றிக்கொண்டு கதைத்தார்கள், சிரித்தார்கள், பொழுதும் பட்டுவிட்டது. கடைசியில் கார் முழுவதும் வெளியே வந்தது. மாப்பிள்ளை எங்கள் படியடிக்குப் போய், சிந்திய வாழைப்பழங்களைக் குனிந்து பொறுக்கத் தொடங்கினார். சித்தி சுற்றுமுற்றும் பார்த்தார். ஒரு சவள் பனியை அள்ளி, துப்புரவாக்கிய காரின் மேலேயே திரும்பப் போட்டார். பிறகு இன்னொன்று.

"அம்மா, சித்தி பிழையாச் செய்யிறா" என்று கத்தினேன். அங்கே நின்ற ஒருவரும் அவரைத் திருத்தப் போகவில்லை.