ஞாயிறுகளைக் கழித்தவர்

ஓய்வு பெற்றவன் பகல் முழுக்க வீட்டில் இருந்தால் வீட்டாருக்குத்தான் தண்டனை. அதனால் வாரத்தில் மூன்று நாள், வெள்ளவத்தையில் கடற்கரைப் பக்கம் இறங்கும் ஒழுங்கை ஒன்றில், மாடியில் இயங்கும் ஒரு சிறு அமைப்புக்குப் போய்வருகிறேன். பதிப்புரிமை, இணையம், மென்பொருள் சம்பந்தமான வழக்குகளில் தோற்றவர்களுக்காக இலவசமாக மேன்முறையீடு செய்கிறார்கள். புதுக்கடை நீதிமன்றப் பதிவகத்தில் முப்பத்து நான்கு வருடம் மனுக்களைப் பார்த்தவன் நான். மென்பொருள் எனக்குத் தெரியாது. ஒரு மனு எந்த இடத்தில் செத்துப்போகும் என்பது தெரியும்.

முதல் ஆறு மாதம் அங்கே நான் ஒருவன்தான் 'அங்கிள்'. பிறகு கொட்டாஞ்சேனையிலிருந்து இன்னொருவர் வந்தார். பதிவகத்தில் எனக்கு அடுத்த மேசை. சேவையில் ஐந்து வருடம் இளையவர். முதல் நாளே ஒரு பெட்டி மீன் பற்றிஸ் கொண்டுவந்தார். இரண்டாம் வாரம் 'நடைமுறை ஆலோசகர்' என்று அவருக்கு விசிட்டிங் கார்ட் அடித்துக் கொடுத்தார்கள். பக்கங்களுக்கு இலக்கமிடும் வேலை என்னிடமே இருந்தது. தேநீர் நேரத்தில் பழைய நீதிபதிகளைப் பற்றி அவர் கதை சொல்வார். இளம் சட்டத்தரணிகள் கண்ணில் நீர் வரச் சிரிப்பார்கள். அந்தக் கதைகளில் பாதி எனக்கு நடந்தவை.

அப்போது எங்களிடம் இருந்தது கண் தெரியாத ஓர் ஆசிரியரின் வழக்கு. உயர்தரப் பரீட்சை வழிகாட்டி நூல்களை ஸ்கேன் செய்து, தொலைபேசி வாசித்துச் சொல்லும் கோப்புகளாக்கி, தன்னைப் போன்ற மாணவர்களுக்குக் கொடுத்துவந்தார். பதிப்பகம் ஒன்று வழக்குப் போட்டது. கோப்புகளையெல்லாம் அழிக்கும்படி வணிக மேல் நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அது நியாயமான பயன்பாடு என்ற வாதத்துக்கு இனி உயர் நீதிமன்றம்தான் கதி. மேன்முறையீடு தவறினால் இருபது பிள்ளைகளுக்குப் பாடம் இல்லை.

மேன்முறையீடு செய்யப்போகிறோம் என்ற அறிவித்தலைப் பதினான்கு நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதில் ஞாயிறும் அரச விடுமுறையும் சேராது. அதைக் கொடுத்தாகிவிட்டது. மனுவைத் தீர்ப்பிலிருந்து அறுபது நாளுக்குள் கொடுக்க வேண்டும். அதில் எல்லா நாளும் சேரும். கொட்டாஞ்சேனைக்காரர் சேவைக்காலம் முழுவதும் அறிவித்தல் பக்கம் இருந்தவர். நான் மனுப் பக்கம்.

ஒரு காலை சுவரிலிருந்த வெள்ளைப் பலகையைப் பார்த்தேன். மனுவின் இறுதி நாளை அவருடைய அழகான கையெழுத்தில் எழுதியிருந்தார். ஞாயிறுகளையும் போயா விடுமுறைகளையும் கழித்திருந்தார். கெடு ஏறத்தாழ இரண்டு வாரம் தள்ளிப் போயிருந்தது.

நான் வாய் திறக்கவில்லை. அறுபதாம் நாள் காலை பத்து மணிக்கு, எல்லாரும் இருக்கும்போது சொல்வதென்று தீர்மானித்தேன். மனு தயார், கையெழுத்து மட்டும் மிச்சம். பதிவகம் மூன்று மணிக்குத்தான் பூட்டும். நட்டம் ஒரு விசிட்டிங் கார்டுக்கு மட்டும். இந்த ஏற்பாட்டை வீட்டில்கூடச் சொல்லவில்லை. சொன்னால் எப்படிக் கேட்கும் என்று எனக்குத் தெரியும்.

ஐம்பத்தேழாம் நாள் ஆசிரியர் வந்தார். வாசலுக்குக் கிட்ட என் மேசைதான். அதனால் என்னருகே இருந்தார்.

"ஐயா, இன்னும் நாள் இருக்குத்தானே?"

"இருக்கு" என்றேன். பொய்யில்லை, மூன்று நாள் இருந்தது.

தொலைபேசியில் ஒரு கோப்பைப் போட்டுக் காட்டினார். இரசாயனவியல். எனக்கு ஒரு சொல்லும் பிடிபடாத வேகம். மெதுவாக வைத்தால் பிள்ளைகளுக்கு நித்திரை வரும் என்றார்.

அந்த நேரம் அமைப்பை நடத்தும் சட்டத்தரணிப் பெண் பயணப் பையோடு வெளியே வந்தாள். நீதிமன்றத்தில் இந்த வழக்குக்குப் பதிவான சட்டத்தரணி அவள்தான். அவள் கையெழுத்தில்லாமல் மனு போகாது.

"அங்கிள், பின்னேரக் கோச்சியில யாழ்ப்பாணம் போறன். அடுத்த கிழமை வந்து சைன் பண்ணுறன். பலகையில இன்னும் நாள் கிடக்குத்தானே."

நான் ஒழுங்குபண்ணி வைத்திருந்த அறுபதாம் நாளில் அவள் இல்லை. பல நாள் ஒத்திகை பார்த்த வசனங்களில் ஒன்றும் வாயில் வரவில்லை.

"பிள்ளை, நாள் இல்லை" என்றேன். "ஞாயிறைக் கழிக்கேலாது. மனுவுக்கு அறுபது எண்டால் அறுபதுதான்."

கொட்டாஞ்சேனைக்காரர் எழுந்து பலகைக்குக் கிட்டப் போனார். கண்ணாடியை மாற்றிப் போட்டு, விரல் விட்டு எண்ணினார்.

"அண்ணை சொல்றது சரி. நான் அறிவித்தல் கணக்கைப் போட்டிட்டன், பழக்கதோஷம். அண்ணை இல்லாட்டி இந்தப் பிள்ளையளை நான்தான் கெடுத்திருப்பன்." பிறகு என் பக்கம் திரும்பினார். "எப்ப கண்டனீங்கள்?"

"இப்பதான்."

பதினெட்டு வருடம் பக்கத்து மேசையில் இருந்தவர். நான் பொய் சொன்னால் அவருக்குத் தெரியும்.

"பாத்தீங்களே," என்றார் மற்றவர்களிடம், "கண்ட உடன சொல்லிப்போட்டார்."

ஆசிரியர் எழுந்து, குரல் வந்த திசையில் கையை நீட்டி, அவருடைய கையைப் பிடித்துக்கொண்டார். பிழையை இப்படி எல்லாருக்கும் முன்னால் ஒத்துக்கொள்கிற ஆளைத் தான் கண்டதில்லை என்றார். சட்டத்தரணிப் பெண்ணும் தலையாட்டினாள். அவர் பிழை விட்டும் வென்றுவிட்டார்.

அவள் நின்றபடியே கையெழுத்து வைத்தாள். கொட்டாஞ்சேனைக்காரரும் நானும் ஓட்டோவில் புதுக்கடைக்குப் போனோம். பதிவகத்தில் எழுதுநர் அவரைக் கண்டதும் எழுந்து, சிங்களத்தில் சுகம் விசாரித்து, கதிரை போட்டார். நான் இலக்கமிட்ட பக்கங்களைப் புரட்டிப் பார்த்துவிட்டு, எல்லாம் ஒழுங்காக இருக்கிறது என்று அவரிடம் சொன்னார்.

எங்கள் பிரதியில் திகதி முத்திரை, நாளை வாசிக்க முடியாதபடி மங்கலாக விழுந்தது. நான் அதைத் திருப்பி நீட்டி, இன்னொரு முறை குத்தச் சொன்னேன்.