பெட்டிக்கு மட்டும் இடமிருந்த வண்டி

போன வாரம் கூரியரில் பேஸ் கிடார் கம்பி ஒரு செட் வந்தது. நான்கு கம்பிகளும் காற்றுப் புகாத உறைக்குள் பத்திரமாகச் சுருண்டிருந்தன. கிழித்து முகர்ந்து பார்த்தேன். ஒரு வாசனையும் இல்லை. கம்பியை முகர்ந்து பார்க்கிறவனை நீங்கள் ஒரு மாதிரியாகத்தான் பார்ப்பீர்கள். என் மனைவி சுமதியும் அப்படித்தான் பார்த்தாள், ஆனால் அவளுக்குக் காரணம் தெரியும். கல்யாணமான புதிதில் செம்பாக்கத்து வாடகை வீட்டின் சமையலறை முழுக்கக் கம்பி வாசனைதான்.

விஷயம் இதுதான். பேஸ் கம்பி தடிமனானது. எஃகு இழையின் மேல் இன்னோர் இழையை நெருக்கமாகச் சுற்றிச் செய்வார்கள். சென்னைப் புழுக்கத்தில் நாலைந்து கச்சேரி வாசித்தால் அந்தச் சுற்றுகளின் இடுக்கில் வியர்வையும் அழுக்கும் ஏறிக் கம்பி செத்துப்போகும். அறுந்துபோகாது. சத்தம்தான் ஈரத் துணியைத் தட்டுவது போல மொத்தையாகிவிடும். புதுக் கம்பி வேண்டுமென்று மவுண்ட் ரோடு கடையில் கேட்டால் ‘அடுத்த மாசம் வரும்’ என்பார்கள். எந்த வருஷத்து அடுத்த மாசம் என்று சொல்ல மாட்டார்கள். அதனால் பேஸ் வாசிக்கிறவர்கள் எல்லோரும் செய்ததையே நானும் செய்தேன். கம்பிகளைக் கழற்றிச் சுருட்டி, தண்ணீரில் சோடா உப்புப் போட்டுக் கொதிக்கவிட்டேன். தண்ணீர் சாம்பல் நிறமாகும். துருவும் வியர்வையும் சேர்ந்து ஒரு வாடை கிளம்பும். எடுத்துத் துடைத்து மாட்டினால் கம்பிக்கு உயிர் வந்துவிடும், இரண்டு கச்சேரிக்கு.

“இன்னைக்கு என்ன, கம்பி ரசமா?” என்று கேட்டாள் சுமதி, முதல் தடவை பார்த்தபோது. இரண்டாம் தடவை ஓட்டை விழப்போகிற ஒரு அலுமினியப் பாத்திரத்தை எடுத்து என் கிடார் உறையின் பக்கத்தில் வைத்துவிட்டாள். கட்டிக்கொடுத்த இடத்தில் இப்படி ஒரு சமையலைப் பார்ப்போம் என்று அவள் நினைத்திருக்க மாட்டாள்.

எனக்கு எரிச்சல் கம்பியின் மேல் இல்லை. இவ்வளவு பாடுபட்டு உயிர் கொடுத்த சத்தம் யார் காதிலும் விழவில்லை என்பதில்தான். அந்தக் கால மெல்லிசைக் கச்சேரிகளை நீங்கள் கேட்டிருப்பீர்கள். கோயில் திருவிழாவென்றால் சவுக்குக் கம்பத்தில் குழாய் ஸ்பீக்கர் கட்டுவார்கள். குழாயில் பாடகி வருவார், ட்ரம்பெட் வரும், ‘காணாமல் போன சிறுவன் மேடை அருகே இருக்கிறான்’ என்ற அறிவிப்பு வரும். பேஸ் மட்டும் வராது. அவ்வளவு தாழ்ந்த சுரம் அந்தக் குழாயில் ஏறாது. கல்யாண மண்டபத்தில் பெரிய பெட்டி ஸ்பீக்கர்கள் இருக்கும். ஆனால் சவுண்ட் சர்வீஸ்காரர் என் ஒயரைக் கையால்கூடத் தொட மாட்டார்.

“பேஸ் குடுத்தா ஸ்பீக்கர் கோன் கிழிஞ்சிடும் சார். நீங்க உங்க ஆம்ப்லயே வெச்சிக்கங்க.”

என் ஆம்ப் என்று அவர் சொன்னது ரேடியோ அளவுக்கு இருந்த ஓர் ஆம்ப்ளிஃபையர் பெட்டி. வீட்டில் வைத்து வாசித்தால் பக்கத்து வீட்டுக்காரர் சுவரைத் தட்டுவார். மேடையில் வைத்தால் எனக்கே கேட்காது. என் கை அசைகிறது, கம்பி அதிர்கிறது, சத்தம் எங்கேயோ போய்விடுகிறது. ஊமைப் படத்தில் நடிப்பது போலிருக்கும்.

கோளாறு கிடாரில்தான் என்று நானாக முடிவு செய்தேன். அப்போது என்னிடம் இருந்தது கல்கத்தாவில் செய்தது. கோடை வந்தால் அதன் கழுத்து வளைந்துவிடும். மே மாத முகூர்த்தங்களில் நான் வாசித்த சுரங்களுக்கு நான் பொறுப்பில்லை. துபாயிலிருந்து திரும்பிய ஒருவர் ஜப்பான் பேஸ் ஒன்றை விற்பதாகக் கேள்விப்பட்டு பல்லாவரம் போனேன். அவர் வீட்டுப் படுக்கையறையில், கட்டில் மேல் உட்கார்ந்து வாசித்துப் பார்த்தேன். அலமாரிக் கதவு அதிர்ந்தது. வாங்கிவிட்டேன். நாங்கள் எல்லோரும் செய்கிற தப்பு இது. தனியாக வாசிக்கும்போது கொழுகொழுவென்று இனிமையாக இருக்கும் பேஸ், நாலு வாத்தியத்தோடு சேர்ந்தால் தண்ணீரில் போட்ட சர்க்கரையாகக் காணாமல் போகும். கூட்டத்தில் கேட்கிற பேஸ் தனியாக வாசித்தால் கரகரவென்று அசிங்கமாக இருக்கும். அந்த அசிங்கமானதைத்தான் வாங்க வேண்டும். எந்தக் கடைக்காரரும் இதைச் சொல்ல மாட்டார்.

நான் வாசித்த குழுவின் சொந்தக்காரர் தேவா அண்ணன். மேற்கு தாம்பரத்தில் வீடு. கீபோர்டு வாசிப்பார். ஞாயிறு காலை சர்ச்சில் ஆர்கன், மாலையில் எங்களோடு ரிசப்ஷன். பழைய வேன் ஒன்று வைத்திருந்தார். குழுவில் யார் இருப்பது, யார் போவது என்பதை அந்த வேனின் சீட்டுக் கணக்கை வைத்தே முடிவு செய்வார். ஒரு நாள் ஒத்திகை முடிந்து டீ குடிக்கும்போது என் தோளில் கை போட்டார். தேவா அண்ணன் தோளில் கை போட்டால் யாருக்கோ சீட் போகப்போகிறது என்று அர்த்தம்.

“தப்பா எடுத்துக்காத தம்பி. வண்டில ஒரு சீட்டுன்னா ஒரு சத்தம் வரணும். உன் சீட்லேருந்து ஒண்ணும் வரலியேடா.”

எனக்கு வேறு பிழைப்பு கிடையாது. ஐடிஐ படிப்பைப் பாதியில் விட்டுவிட்டு, இதுதான் என் தொழில் என்று மாமனாரிடம் சத்தியம் செய்யாத குறையாகச் சொல்லிப் பெண் கட்டியவன். அந்த சீட் போனால் நான் இல்லை. அன்றைக்கே தீர்மானித்தேன், வயிற்றைக் கட்டியாவது பெரிய ஆம்ப் ஒன்று வாங்குவதென்று.

ஆம்புக்குள் போகிற சர்க்யூட்டை, எலெக்ட்ரானிக் சாமான் விற்கும் ரிச்சி தெருவில் வாங்கினேன். பதினைந்து அங்குல ஸ்பீக்கருக்குப் பெட்டி செய்யக் குரோம்பேட்டையில் ஒரு பாயிடம் கொடுத்தேன். அவருடைய நிஜத் தொழில் கதவு, ஜன்னல். கதவுக்குப் போடுகிற கனத்திலேயே பலகை போட்டுவிட்டார். “லைஃப் முழுக்க வரும் தம்பி” என்றார். லைஃப் முழுக்க வரட்டும், தெருமுனை வரைக்கும் வர வேண்டாமா? இரண்டு பேர் தூக்கினால் மூன்றாவது ஆள் ‘மெதுவா, மெதுவா’ என்று சொல்லிக்கொண்டு கூட வர வேண்டும். அப்படி ஒரு கனம்.

முதல் நாள் வேன் டிரைவர் ஏழுமலை அதைச் சுற்றி வந்து பார்த்தார்.

“இன்னா சார் இது, பொணப் பொட்டி மாறி கீது? இத்த எங்க வெக்கறது?”

“கல்யாணத்துக்குப் போறோம், வாயைக் கழுவு” என்றார் தேவா அண்ணன்.

“கீறத சொன்னா பேஜாராண்ணா? நீயே தூக்கிப் பாரு.”

வண்டியில் ஏற்ற முடியவில்லை. தாம்பரத்திலிருந்து, கல்யாண மண்டபம் இருந்த குரோம்பேட்டைக்கு எலெக்ட்ரிக் ட்ரெயினில், கூடைக்காரர்கள் ஏறும் வெண்டர் பெட்டியில் ஆள் பிடித்து ஏற்றிக் கொண்டுபோனேன். பூக்கூடை வைத்திருந்த ஓர் அக்கா என் ஆம்ப் மேல் வசதியாக முதுகைச் சாய்த்துக்கொண்டு, “இதுல இன்னா கீதுப்பா, மீனா?” என்று கேட்டார். சத்தம் இருக்கிறது என்றேன். என்னை ஏற இறங்கப் பார்த்துவிட்டு முகத்தைத் திருப்பிக்கொண்டார். இறங்கும்போது ஜப்பான் கிடார் உறையில் மல்லிகை வாசனை ஏறியிருந்தது.

அந்த மண்டபத்தில் மாடியில் ஹால், கீழே சாப்பாட்டுக் கூடம். ஆம்பைப் போட்டேன். சூடான டிரான்ஸ்ஃபார்மரும் புதுப் பெயிண்டும் கலந்த வாசனை வந்தது. இப்போதும் எங்கேயாவது அந்த வாசனை அடித்தால் என் விரல்கள் தன்னால் மடங்கும். இரண்டாவது பாட்டில் ஒரு பரிமாறுகிறவர் சாம்பார்க் கரண்டியோடு படியேறி வந்தார்.

“சார், கீழ பந்தில தம்ளர்லாம் தானா நகருது. கொஞ்சம் கம்மி பண்ணுங்க.”

என் வாழ்க்கையில் அதைவிடப் பெரிய பாராட்டு கிடைத்ததில்லை. தேவா அண்ணன் கீபோர்டிலிருந்து திரும்பிப் பார்த்துச் சிரித்தார். “இப்பதான்டா பாட்டுக்கு இடுப்பு வந்துருக்கு” என்றார். நான் பிழைத்துக்கொண்டேன் என்று நினைத்தேன்.

அடுத்த வாரமே வேனின் கடைசி சீட்டைக் கழற்றி ஆம்புக்கு இடம் செய்தார்கள். கழற்றிய சீட் என்னுடையது. பரவாயில்லை என்று ஆம்ப் மேலேயே உட்கார்ந்து போனேன். வேகத்தடை வரும்போதெல்லாம் தலை கூரையில் இடிக்கும். கௌரவமாகத்தான் இருந்தது. சொந்தப் பெட்டி, அதன் மேல் சொந்த ஆள்.

அப்புறம் தேவா அண்ணன் சிங்கப்பூரிலிருந்து புது கீபோர்டு வரவழைத்தார். அதில் இடது கைப் பக்கத்துக் கட்டைகளை மட்டும் பேஸ் சத்தத்துக்கு மாற்றிக்கொள்ளலாம். ஒத்திகையில் விளையாட்டாக அதன் ஒயரை என் ஆம்பில் சொருகினார். தரை அதிர்ந்தது. எல்லோரும் ‘அட’ என்றார்கள். நானும் ‘அட’ என்றேன். அப்போதே ஒயரைப் பிடுங்கியிருக்க வேண்டும்.

அடுத்த ஞாயிறு வேன் வீட்டு வாசலில் நின்றது. தேவா அண்ணன் இறங்கவில்லை. ஜன்னல் வழியாகத்தான் பேசினார்.

“புதுசா ரெண்டு டான்ஸ் பசங்களைச் சேர்த்துருக்கேன் தம்பி, இடம் இல்ல. இந்த வாரம் நீ ரெஸ்ட் எடு. ஆம்ப் மட்டும் குடு.”

கொடுத்தேன். ஒரு பக்கத்தைப் பிடித்து வண்டியில் ஏற்றியும் விட்டேன். ஏழுமலை கதவைச் சாத்தும்போது என் முகத்தைப் பார்க்கவில்லை. ஆம்ப் போகிற இடத்துக்கு ஆளையும் கூப்பிடத்தானே வேண்டும், இரண்டு வாரத்தில் கூப்பிடுவார் என்று கணக்குப் போட்டேன். அடுத்த வாரமும் வேன் வந்தது. அதற்கடுத்த வாரமும் வந்தது. வாடகை தருகிறேன் என்று வேறு சொன்னார். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. சுமதி வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள்.

“உங்களை விட்டுட்டு அதை மட்டும் கூட்டிட்டுப் போறாங்களா?” என்றாள். அவள் கிண்டலாகக் கேட்கவில்லை. அதனால்தான் அதிகமாக வலித்தது.

ஆவணியில் பொழிச்சலூரில் சுமதியின் சித்தி மகளுக்குக் கல்யாணம். ரிசப்ஷனில் கீழே பந்தியில் உட்கார்ந்து இலையில் தண்ணீர் தெளித்துக்கொண்டிருந்தேன். எதிரே இருந்த தம்ளர் லேசாக நகர்ந்தது. சுமதி அதைப் பார்த்தாள், பிறகு என்னைப் பார்த்தாள்.

“நம்ம பொட்டியா?”

சாப்பிடாமல் எழுந்து மேலே போனேன். பந்தியில் பாதியில் எழுந்தது தப்புதான், சித்தி இன்றைக்கும் சொல்லிக்காட்டுகிறார். மேடையில், நான் நிற்கிற இடத்தில் யாரும் இல்லை. அங்கே என் ஆம்ப் மட்டும் உட்கார்ந்து உறுமிக்கொண்டிருந்தது. தேவா அண்ணன் என்னைப் பார்த்து வலது கையை ஆட்டினார். இடது கை வேலையாக இருந்தது.

அந்தக் கை மோசமில்லை. ஆனால் பல்லவியிலிருந்து சரணத்துக்குப் போகிற இடத்தில் நான் நாலு படி இறங்கிப் போய்ப் பாட்டைக் கையில் தாங்கிக் கொண்டுவருவேன். அவர் ஒரே சுரத்தில் நின்றுகொண்டிருந்தார். வலது கைக்கு வேலை இருந்ததால் இடது கையால் நகர முடியவில்லை. யாராவது ஒருவர், ஒரே ஒருவர், ‘என்னமோ குறையுதே’ என்று முகம் சுளிக்கிறாரா என்று கூட்டத்தைப் பார்த்தேன். மாப்பிள்ளையின் நண்பர்கள் ஆடிக்கொண்டிருந்தார்கள். குழந்தைகள் ஓடிப் பிடித்து விளையாடின. ஒருவருக்கும் ஒன்றும் குறையவில்லை. அழுகை வந்தது, கல்யாண வீட்டில் அழக் கூடாது என்று வெளியே போய் நின்றேன்.

அடுத்த ஞாயிறு வேன் வந்தபோது, “நான் வந்தாதாண்ணா ஆம்ப் வரும்” என்றேன். தேவா அண்ணன் ஏழுமலைக்குக் கையைக் காட்டினார். “உன் ரோஷம் புரியுதுடா” என்றார். வேன் போய்விட்டது. ஒரே மாதத்தில் அவர் இலேசான பலகையில் வேறொரு பெட்டி செய்துகொண்டார். அதற்கு அப்புறம் நான் எத்தனையோ குழுக்களில் வாசித்துவிட்டேன், பிழைப்பும் ஓடிவிட்டது. ஆனால் அந்த ஞாயிற்றுக்கிழமைகள் உள்ளே முள்ளாகவே கிடக்கின்றன.

போன மாதம் கேளம்பாக்கத்தில் ஒரு ரிசப்ஷன். இப்போது யாரும் ஆம்ப் கொண்டுவரச் சொல்வதில்லை. கறுப்புச் சட்டை போட்டு வரச் சொல்கிறார்கள். ஒயரை ஒரு சின்ன டப்பாவில் சொருகி, ஆளுக்கொரு இயர்போன் கொடுத்துவிடுகிறார்கள். காதுக்குள் என் பேஸ் துல்லியமாகக் கேட்டது. எந்தக் காலத்திலும் அவ்வளவு நன்றாகக் கேட்டதில்லை. சரணத்துக்கு நாலு படி இறங்கிப் போனேன், எனக்கே பெருமையாக இருந்தது. மூன்றாவது பாட்டில் வியர்வையில் இயர்போன் நழுவியது. அதைப் பிடிக்கக் கம்பியிலிருந்து கையை எடுத்தேன். ஹாலில் பேஸ் நிற்கவில்லை. யாரோ வாசித்துக்கொண்டே இருந்தார்கள்.

இடைவேளையில் சவுண்ட் பார்க்கிற பையனிடம் கேட்டேன். நல்ல பையன், மரியாதையாகத்தான் பேசினான்.

“லேப்டாப் டிராக்லயே பேஸ் ரெக்கார்ட் ஆகி இருக்கு சார். உங்க லைன் ஹாலுக்குப் போகாது, உங்க காதுக்கு மட்டும்தான். வீடியோல பேஸ் கிடாரோட ஒருத்தர் நின்னா லுக்கா இருக்கும்னு கல்யாண வீட்டுக்காரங்க கேட்டாங்க.”

மீதிக் கச்சேரியையும் நின்று வாசித்தேன், ஒரு சுரம்கூடப் பிசகாமல். வீடியோ எடுத்தார்கள். வீட்டுக்கு வந்தும் மனசு ஆறவில்லை. யாரிடமாவது சண்டை போட வேண்டும் போலிருந்தது. தேவா அண்ணனின் ஞாபகம்தான் வந்தது. அவர் கர்த்தருக்குள் நித்திரையடைந்து சில வருஷங்களாகின்றன. என் இடத்தைப் பிடுங்கியவர்தான், இல்லையென்று சொல்லவில்லை. ஆனால் அது ஒரு மனுஷனின் இடது கை. ஒரே சுரத்தில் நின்றது, தடுமாறியது. நான் எதிரே நின்று கோபப்படக்கூடிய ஒரு கையாகவாவது இருந்தது.