தயிர் ஊற்றாத சட்டி

சிப்போரா என்ற பெயரைக் கேட்டதும் திண்டுக்கல் பேகம்பூர்த் தெரு அவளை வேதக்காரப் பெண், கிறிஸ்தவள் என்று முடிவுகட்டிவிட்டது. கொச்சியிலிருந்து வந்து, ஒட்டன்சத்திரத்துக் காய்கறியைக் கேரளாவுக்கு லாரி ஏற்றும் அவள் அப்பாவும் அதைத் திருத்தவில்லை. தாங்கள் யூதர் என்று எத்தனை பேருக்கு விளக்குவது? வீட்டுக்கார அம்மா ரம்ஜான் பீவிக்கு மட்டும் தெரியும். யூதர் வழக்கத்தில் கறியோடு பால் சேரக் கூடாது என்பதால், பத்து வருடமாக ஒவ்வொரு பக்ரீதுக்கும் தயிரும் நெய்யும் இல்லாத பிரியாணி ஒரு சின்னச் சட்டியில் மாடிக்கு ஏறும். ஆடு அறுத்த முறை யூதருக்கு ஆகுமா என்பதைப் பற்றி அப்பா வாயே திறக்க மாட்டார். தயிரில் மட்டும் மனிதர் மகா கறார்.

சிப்போராவுக்குப் பத்தொன்பது வயதானபோது டிவியில் காஸா போர் ஓடியது. எந்தச் சபை என்று கல்லூரியில் யாரோ கேட்க, அவள் உண்மையைச் சொல்லித் தொலைத்தாள். சாயங்காலத்துக்குள் தெருவுக்கே தெரிந்துவிட்டது. வரைபடத்தில் திண்டுக்கல்லையே காட்டத் தெரியாத மளிகைக்கடை வேலுசாமி, தானே படை நடத்தியவர் போல, "உங்காளுக வெளுத்துட்டாங்கல்ல" என்று ஓசியில் கடலைமிட்டாய் நீட்டினார். ரம்ஜான் பீவியின் மைத்துனர் கிதர் முகம்மதோ, இவள்தான் காலையில் குண்டு போட்டுவிட்டுக் கல்லூரிக்குப் போகிறாள் என்பது போல முகத்தைத் திருப்பிக்கொண்டார். அவள் பார்த்த தூர தேசமே கொச்சிதான்.

"அண்ணே, அங்க சாகுறது பச்சப் புள்ளைக. எனக்கு எதுக்கு மிட்டாய்?" என்று அவள் திருப்பிக் கொடுத்ததை மட்டும் தெருவில் யாரும் பரப்பவில்லை.

அவளுக்கு ஒரே பயம்தான். இந்த வருடப் பக்ரீதுக்குச் சட்டி வருமா?

வந்தது. மூடியைத் திறந்ததும் தயிர் வாடை. பத்து வருடம் தவறாத கை; இது மறதி இல்லை என்று அவளுக்குத் தெரிந்தது. வாடகை வீட்டில் வம்பு வேண்டாம் என்றார் அப்பா. அவள் சட்டியோடு கீழே இறங்கினாள்.

கூடத்தில் கிதர் முகம்மது சாப்பிட்டபடியே உறவுக்காரர்களுக்குப் போரை விளக்கிக்கொண்டிருந்தார்.

"மாமி, இது என் சட்டி இல்ல. என் சட்டி எங்க?"

ரம்ஜான் பீவி மைத்துனரைப் பார்த்தாள். பிறகு அடுப்படிக்குள் போய், அரிசிப் பானைக்குப் பின்னால் இருந்த சின்னச் சட்டியை எடுத்துவந்தாள்.

"கைப்பழக்கத்துல ஆக்கிட்டேன் புள்ள. குடுக்கத்தான் பயந்துட்டேன்."

சிப்போரா அங்கேயே உட்கார்ந்தாள். கிதர் முகம்மது போரைப் பாதியில் விட்டுவிட்டு, அவளுக்கு இடம்விட்டுத் தன் தட்டைக் கொஞ்சம் நகர்த்திக்கொண்டார். சோறு ஆறிப்போயிருந்தது. அவள் ஒரு பருக்கை மிச்சம் வைக்கவில்லை.