ஜெயசீலி சிஸ்டரும் கம்பெனி லாரியும்

சொந்த ஊர் நாசரேத்திலிருந்து ஜெயசீலி சிஸ்டரின் தங்கை மகன் போன் செய்தான். சிஸ்டர் காலமாகிவிட்டார். மாட்டுங்கா லேபர் கேம்பில் அவர் கையால் காயத்துக்குத் தையல் போட்டுக்கொண்டவர்கள் இன்னும் இருக்கிறார்கள். அவர்களுக்காக இதை எழுதுகிறேன்.

அறுபதுகளில் நான் செம்பூரில் ஒரு மின்விசிறித் தொழிற்சாலையில் டைப்பிஸ்ட். தொழிலாளிகளில் பாதிப்பேர் அந்த லேபர் கேம்பில் குடியிருந்த தமிழர்கள். அவர்களுக்காகக் கம்பெனி கேம்பிலேயே ஒரு டிஸ்பென்சரி திறந்தது. சிஸ்டர் அங்கே நர்ஸ். காய்ச்சல் லீவு குறைந்தது, உற்பத்தி ஏறியது. அதே கம்பெனி, யூனியன் தலையெடுக்காமல் பார்த்துக்கொள்ள, வட்டாரக் கட்சிக்காரர் ஒருவருக்குப் பணமும் லாரியும் கொடுத்துவந்தது. எல்லோருக்கும் தெரியும். யாரும் பேசமாட்டோம்.

மதராஸிகளை விரட்டு என்று கலவரம் வெடித்தது. ஒரு மதியம் அந்தக் கட்சிக்காரரின் ஆட்கள் கேம்பில் இருந்த ஆறுமுகத்தின் இட்லிக் கடைக்குத் தீ வைத்தார்கள். ஆறுமுகத்தைத் தெருவில் இழுத்துப்போட்டு சைக்கிள் செயினால் விளாசினார்கள். சிஸ்டர் ஓடிப்போய் அவர்மேல் கவிழ்ந்தார். செயின் சிஸ்டரின் முதுகைக் கிழித்தது. "மாரோ! முஜே பீ மாரோ!" என்னையும் அடி என்று கத்தினார். அடித்தார்கள். ஒரு சோடா பாட்டில் அவர் நெற்றியில் உடைந்தது.

அந்தக் கூட்டம் ஏறிப்போன லாரியை ரத்தம் வழியும் கண்ணோடு பார்த்தார். வாராவாரம் மருந்துப் பெட்டி இறக்கும் லாரி. கம்பெனிப் பெயர்மேல் சாக்கைத் தொங்கவிட்டிருந்தார்கள். டிரைவர் தலையைக் குனிந்துகொண்டான். ஆறுமுகம் டிஸ்பென்சரி பெஞ்சிலேயே செத்துப்போனார்.

மறுநாள் மேனேஜர் போட்டோகிராபரோடு வந்தார். மாட்டுங்காவில் குடியிருந்த தமிழர்தான். உதவிக்கு நானும் போயிருந்தேன்.

"சிஸ்டர், அடிபட்டவா பக்கத்துல நில்லுங்கோ. கம்பெனி பண்ற உதவி பேப்பர்ல வரணும்."

"நேத்து அடிக்க ஆள் வந்ததும் நம்ம லாரி, இன்னைக்கு மருந்து வந்ததும் நம்ம லாரி. எதை சார் போட்டோ பிடிக்கப் போறிய?"

மேனேஜர் குரலைத் தாழ்த்தினார். "அவாளையும் அனுசரிச்சுண்டு போனாத்தான் ஃபேக்டரி ஓடும். இந்த டிஸ்பென்சரியும் அதுக்குத்தானே?"

"ஆறுமுகம் பொஞ்சாதி உள்ள கெடக்கா. அவகிட்ட வந்து சொல்லுங்க."

மேனேஜர் உள்ளே போகவில்லை. அந்த வாரமே சிஸ்டரை வேலையிலிருந்து நீக்கினார்கள். தொழிலாளிகள் மெஷினைத் தொட மறுத்தார்கள். கடைசியில் கம்பெனி இறங்கிவந்து அவரைத் திரும்பக் கூப்பிட்டது.

"அவனுவளுக்கு லாரி குடுக்கதை நிறுத்துவியளா?" என்று சிஸ்டர் கேட்டார். லாரி கொடுப்பது நிற்கவில்லை. அவரும் போகவில்லை. ஓய்வு பெறும்வரை முனிசிபல் ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். கம்பெனி வேறு நர்ஸை வைத்தது. டிஸ்பென்சரி நன்றாகவே ஓடியது.

அடக்கத்தின்போது அவரை சாந்த சொரூபி என்று யாரோ பேசினார்களாம். எனக்குத் தெரிந்த சிஸ்டர் காயம் கழுவும்போதுகூடக் கொதித்துக்கொண்டிருப்பார். "கட்டுப் போட்டா மட்டும் போதுமா? அடிச்சவன் யாருன்னு கேக்கணும். அவனுக்குத் துட்டு குடுத்தவன் யாருன்னும் கேக்கணும்" என்பார்.

அவர் விட்டுப்போனதில் அந்த இரண்டாவது கேள்வியை நான் வைத்துக்கொண்டேன்.