முப்பத்தேழு ஊசிகள்

சித்ராதேவி அக்காவைப் பற்றி யார் கேட்டாலும் நான் முதலில் சொல்வது இதுதான்: அவரிடம் பொய் சொல்லாதீர்கள். கண்டுபிடித்துவிடுவார் என்பது ஒரு பக்கம். எத்தனை தடவை சொன்னீர்கள் என்று எண்ணியும் வைத்திருப்பார்.

திருப்பூர் நெருப்பெரிச்சலில் குழந்தைகள் உடுப்பு தைக்கும் எங்கள் கம்பெனியில் அவருக்கு ஊசி கவுண்டரில் வேலை. கேட்டால் அற்பமாகத் தோன்றும். தையல் மெஷினில் ஊசி உடைந்தால் ஒரு துண்டு விடாமல் பொறுக்கிக்கொண்டு போய் அவரிடம் கொடுக்க வேண்டும். துண்டு குறைந்தால் அது கிடைக்கும்வரை மெஷின் ஓடாது. பச்சைக் குழந்தை போடுகிற சட்டைக்குள் ஊசிமுனை போய்விடக் கூடாதல்லவா? துண்டுகளை அக்கா நோட்டில் டேப் போட்டு ஒட்டி, தேதியும் மெஷின் நம்பரும் எழுதுவார். மெக்கானிக் வந்து மெஷினைப் பார்த்துக் கையெழுத்துப் போட்ட பிறகுதான் புது ஊசி கிடைக்கும்.

அந்த மெக்கானிக் நான்தான். பெயர் முருகவேல், ஊர் பல்லடம்.

அக்கா உசிலம்பட்டிக்காரர். மதுரையில் பி.எஸ்ஸி. புள்ளியியல் படித்தவர். கடைசிப் பரீட்சைக்கு ஆறு வாரம் இருக்கும்போது வீட்டில் கல்யாணத்தை வைத்துவிட்டார்கள். பரீட்சை எழுதவே இல்லை.

"உங்களை ஒரு வார்த்தை கேட்டாங்களாக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"பத்திரிகை அடிச்சு எனக்கும் ஒண்ணு குடுத்தாங்கப்பா" என்றார்.

கணவரோடு திருப்பூர் வந்து பதினைந்து வருடம் ஆகிறது. படிப்பு போய்விட்டதே என்று அவர் புலம்பி நான் கேட்டதில்லை. ஊசி நோட்டையே பாடப் புத்தகமாக்கிக்கொண்டார், அவ்வளவுதான். எந்த மெஷின் எத்தனை நாளுக்கு ஒரு ஊசி உடைக்கும் என்பது அவருக்கு அத்துப்படி.

போன ஆனி மாதம் என் தலையில் இடி விழுந்தது. முதலாளி மகன் தரணீதரன் கம்ப்யூட்டரில் ஒரு படம் வரைந்து வைத்துக்கொண்டு என்னைக் கூப்பிட்டார். முதல் லைனில் முப்பது மெஷின். ஒருநாள் நான் பார்ப்பேன், மறுநாள் இன்னொரு மெக்கானிக் காசிமாயன் அண்ணன் பார்ப்பார். அண்ணனுடைய பன்னிரண்டு நாளில் முப்பத்தாறு ஊசி உடைந்திருக்கிறது. என்னுடைய பன்னிரண்டு நாளில் எழுபத்திரண்டு.

"தப்பா நெனைக்காதீங்க முருகவேலு. நீங்க கை வெச்சா ஊசி ரெண்டு மடங்கு ஒடையுதுங்க. அடுத்த மாசம் வேற எடம் பார்த்துக்கோங்க."

எங்கள் பக்கத்தில் வேலையை விட்டுத் துரத்தினாலும் 'ங்க' போட்டுத்தான் துரத்துவார்கள். எனக்கு வந்த ஆத்திரத்தில் ஸ்பேனரை வீசி எறிந்துவிட்டு நேராக ஊசி கவுண்டருக்குப் போய்க் கத்தினேன்.

"கத்தாத. ஒக்காரு" என்றார் அக்கா. அட்டைப்பெட்டியின் ஒரு துண்டைக் கிழித்துக் கணக்குப் போட ஆரம்பித்தார். "நடந்தது நடந்துபோச்சு. எந்த எண் நெசமா இருந்தா, இப்படி நடக்கறதுக்கு வாய்ப்பு ரொம்ப அதிகம்னு தேடணும். மேக்ஸிமம் லைக்லிஹுட்னு பேரு."

என்னுடைய எழுபத்திரண்டில் பதினான்காம் நம்பர் மெஷின் மட்டும் முப்பத்தேழு. மற்ற இருபத்தொன்பதும் சேர்ந்து முப்பத்தைந்துதான். பதினான்கும் மற்ற மெஷின்களைப் போலப் பத்து நாளைக்கு ஒரு ஊசி உடைக்கிற ஜாதி என்று வைத்துக்கொண்டால், ஒரே நாளில் மூன்று உடைவதைப் பார்க்க இருபது வருடம் காத்திருக்க வேண்டுமாம். ஒரு நாளைக்கு ஒன்று என்று வைத்தாலும் பொருந்தவில்லை. இரண்டு வைத்தால் கொஞ்சம் பரவாயில்லை. மூன்றைத் தாண்டியதும் கச்சிதமாக உட்கார்ந்தது. நான்குக்குப் போனால் மறுபடி இடறியது.

"இது வெறும் சராசரி தானுங்கக்கா? முப்பத்தேழைப் பன்னெண்டால வகுத்தா முடிஞ்சுது. இதுக்கா இத்தனை பாடு?"

"சராசரிதான். எதோட சராசரிங்கிறதுலதான் ஒங்க தரணீதரன் கோட்டை விட்டாரு. ஒன் கையில கோளாறுன்னா முப்பது மெஷின்லயும் ஒடையணும்ல?"

"அப்ப பதினாலாம் மெஷின்லதான் கோளாறுங்களா?"

"காசிமாயன் வர்ற பன்னெண்டு நாளும் அது ஒரே ஒரு ஊசிதான் ஒடைச்சிருக்கு. மெஷினுக்கு ஆள் அடையாளம் தெரியுமா?"

"அதெப்படிங்கக்கா தெரியும்?" என்றேன். அக்கா என்னை ஒரு பார்வை பார்த்தார். முட்டாளைப் பார்த்துப் பரிதாபப்படுகிற பார்வை என்று இப்போது தெரிகிறது. அன்று அனுதாபம் என்று நினைத்துக்கொண்டேன்.

அட்டைத் துண்டோடு அவரே தரணீதரனிடம் போனார். "பன்னெண்டு நாள் முருகவேலை மாடி லைனுக்கு அனுப்புங்க சார். அங்கயும் ஒடைஞ்சா நானே அவனை கேட் வரைக்கும் கொண்டுபோய் விட்டுர்றேன்" என்றார். தரணீதரன் சம்மதித்தார்.

அந்தப் பன்னிரண்டு நாளும் எனக்குச் சோறு இறங்கவில்லை. மாடியில் ஒரு ஊசி உடைந்தாலும் அந்த மெஷினை இரண்டு தடவை கழற்றி மாட்டுவேன். கடைசியில் மாடியில் ஒரு ஊசிகூட அதிகமாக உடையவில்லை. கீழே பதினான்காம் நம்பரும் பரம சாதுவாகிவிட்டது. தரணீதரன் படத்தை இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்துவிட்டு, "அந்த மெஷினுக்கும் உங்களுக்கும் ராசி இல்லீங்க. நீங்க மாடியிலயே இருந்துக்கோங்க" என்றார். வேலை தப்பித்தது.

மறுநாளே பதினான்காம் நம்பரில் தைக்கும் கிருத்திகா, தன்னை மாடி லைனுக்கு மாற்றச் சொல்லி எழுதிக் கொடுத்துவிட்டாள்.

அக்கா மூச்சிரைக்க மாடிப்படி ஏறி வந்தார். ஊசி நோட்டை என் முன்னால் விரித்தார்.

"பாரு. ஏறத்தாழ எல்லாமே நறுக்குன மாதிரி ரெண்டு துண்டு. தானா ஒடையற ஊசி இப்படியா ஒடையும்?"

"கம்பி தரமில்லீங்களா அக்கா?"

அக்கா தலையில் அடித்துக்கொண்டார். "ஊசி ஒடைஞ்சா யாருடா கையெழுத்துப் போட வருவா? வேணும்னே ஒடைச்சான்னு தெரிஞ்சா அன்னிக்கே அவளை வீட்டுக்கு அனுப்பிருவாங்க. அதான் நான் வாயைத் திறக்கல. இனி மாடியிலயும் ஒடைக்க விடாத."

என் காது சூடாகிவிட்டது. "நெசமாத்தானுங்களா? ஒருவேளை உங்க கணக்குத் தப்பா இருந்தா?"

"இருக்கலாம். எஸ்டிமேட் எஸ்டிமேட்தான். உண்மையான எண்ணைக் கண்ணால பார்த்தவங்க யாருமில்ல. ஆனா இந்தக் கணக்கோட விடை உசுரோட கீழ ஒக்காந்திருக்கா. போய்க் கேளு. என்னைத்தான் யாரும் கேக்கல, அவளையாவது கேளு."

சாப்பாட்டு நேரத்தில் போய்க் கேட்டேன். என் வேலை போகவிருந்த கதையையும் சொன்னேன். கிருத்திகாவின் முகம் வெளுத்துவிட்டது. டிபன் பாக்ஸை மூடினாள், திறந்தாள், மறுபடி மூடினாள்.

"உங்க வேலைக்கே ஆபத்தாகும்னு எனக்குத் தெரியாதுங்க. இனி ஒடைக்கவே மாட்டேனுங்க. ஆனா முப்பத்தேழு இல்லீங்க, முப்பத்தாறுதான். ஒண்ணு நெசமாவே தானா ஒடைஞ்சதுங்க."

எனக்குச் சிரிப்பும் சந்தோஷமும் தாங்கவில்லை. ஓடிப்போய் அப்படியே அக்காவிடம் சொன்னேன். கல்யாணம் எப்போது என்று கேட்பார் என நினைத்தேன். அவர் நோட்டைத் திறந்து விரல்விட்டு எண்ணினார்.

"தானா ஒடையறது பத்து நாளைக்கு ஒண்ணு. பன்னெண்டு நாளைக்கு ஒண்ணும் சொச்சமும். தானா ஒடைஞ்சது ஒண்ணு. சரியா இருக்குடா!"

சொல்லும்போதே அவருக்குக் கண் கலங்கிவிட்டது. சேலைத் தலைப்பால் துடைத்துக்கொண்டு, "நான் பாஸாயிட்டேன்டா தம்பி" என்றார்.