பெண்கள் பக்கத்துச் சுவர்

எங்கள் ஊர்க் கல்லுக் கொட்டாயைக் காப்பாற்றியவர்களில் நானும் ஒருத்தி. அதை யாரும் இல்லையென்று சொல்ல முடியாது. உள்ளங்கை கொப்புளிக்கச் செங்கல் கை மாற்றிக் கொடுத்திருக்கிறேன். ஆனால் அந்தக் கதையைச் சந்தோஷமாகச் சொல்வதா, வயிற்றெரிச்சலோடு சொல்வதா என்பதுதான் இன்றுவரை பிடிபடவில்லை. முதலிலிருந்து சொல்லிப் பார்க்கிறேன். சொல்லும்போதாவது எனக்கு விளங்குகிறதா பார்க்கலாம்.

அறுபதுகளின் கடைசியில் கல்யாணமாகித் திருமுல்லைவாயிலிலிருந்து பூந்தமல்லிக்கு வந்தேன். அதுவரை நான் பார்த்த சினிமாவெல்லாம் கீற்றுக் கொட்டகையில்தான். மழை பெய்தால் பாதிப் படத்தில் எழுந்து ஓட வேண்டும். எங்கள் தெருவுக்கு அடுத்த தெருவிலோ வெள்ளைக்காரன் காலத்தில் ஒரு நெல்மண்டி முதலாளி ஆசை ஆசையாகக் கட்டிய டாக்கீஸ் இருந்தது. முகப்பில் மூன்று வளைவுகள், அவற்றின் மேல் மாலை பிடித்த இரண்டு சுதைப் பெண்கள், அதில் ஒருத்திக்கு மூக்கு கிடையாது. உள்ளே ஆளுயரக் கண்ணாடி இருக்கிறது, வளைந்து வளைந்து மாடிக்குப் போகும் படிக்கட்டு இருக்கிறது, கூரையில் தாமரை எழுதியிருக்கிறது என்றெல்லாம் என் வீட்டுக்காரர் சொல்வார். மற்ற கொட்டகையெல்லாம் கீற்று, இது காரைக்கட்டு என்பதால் ஊரில் அதற்குக் கல்லுக் கொட்டாய் என்றே பெயர்.

கண்ணாடியையும் படிக்கட்டையும் அவர் சொல்லித்தான் எனக்குத் தெரியும். பெண்கள் அந்த வழியாகப் போவதில்லை. கட்டடத்தின் இடது பக்கச் சந்தில் எங்களுக்குத் தனி டிக்கெட் பொந்து, தனிக் கதவு. கதவில் டிக்கெட் கிழிக்க ஓர் அம்மாள் நிற்பார். கைக்குழந்தைக்கு டிக்கெட் கேட்டுச் சண்டை பிடிப்பார், கேட்டுவிட்டு அந்தக் குழந்தையையே தூக்கிக் கொஞ்சுவார். உள்ளே தரை டிக்கெட்டின் நடுவில், திரைக்குக் கீழே ஆரம்பித்து நீளமாக ஒரு குட்டைச் சுவர் ஓடும். அந்தப் பக்கம் ஆண்கள், இந்தப் பக்கம் நாங்கள். உட்கார்ந்துவிட்டால் ஒருவர் தலை மற்றவருக்குத் தெரியாது. அவர்கள் பீடிப் புகை மட்டும் சுவரேறி வரும்.

அந்தச் சுவர் இருந்ததால்தான் மெத்தைக்காரர் வீட்டு அக்காவால் சினிமாவுக்கு வர முடிந்தது. அவர்கள் எங்களுக்கு எதிர் வீடு. அவருடைய வீட்டுக்காரர் பஞ்சடித்து மெத்தை தைக்கிற பாய், அதிகம் பேசாத மனிதர். ஆண்கள் முகம் பார்க்கிற இடத்துக்குப் பெண்டாட்டியை அனுப்ப மாட்டார், ஆனால் சந்து வழியாகப் போய்ச் சந்து வழியாக வருவதென்றால் தடை சொன்னதில்லை. புதன்கிழமை மத்தியானம் அக்கா வெள்ளைத் துப்பட்டியைப் போர்த்திக்கொண்டு என் வாசலில் நின்று, "இன்னா புள்ளே, இன்னும் தல வாரிகினு கீறியா?" என்று குரல் கொடுப்பார். உள்ளே போனதும் எனக்கு இடது பக்கம் உட்கார்ந்து துப்பட்டியை மடித்து மடியில் வைத்துக்கொள்வார். அப்புறம் அவர் அடிக்கிற கிண்டலில் பக்கத்திலிருக்கிற எங்களுக்குப் படம் பாதிதான் காதில் விழும். கதாநாயகி அழ ஆரம்பித்தால், "அழுது முடிச்சிட்டு அடுப்ப பாருடி" என்பார். வெற்றிலை போட்டு, விரலில் மீந்த சுண்ணாம்பைச் சுவரில் ஒரு கோடாக இழுப்பார். ஒரு படத்துக்கு ஒரு கோடு, பால்காரி வாசலில் போடுகிற கணக்கு மாதிரி. எல்லாப் பெண்களும் அங்கே சுண்ணாம்பு தடவுவார்கள், ஆனால் அக்காவின் கோடுகள் வரிசை தப்பாமல் நிற்கும்.

என் வீட்டுக்காரரோடும் நான் படத்துக்குப் போனதுண்டு. போனதுண்டு என்றால், சோடாக் கடை வரை சேர்ந்து நடப்போம். அங்கிருந்து அவர் வளைவுக்குள், நான் சந்துக்குள். படம் விட்டதும் அதே சோடாக் கடையில் காத்திருப்பார். பார்த்ததும் முதல் கேள்வி, "அழுதியா?" என்பதுதான். "எந்த சீன்ல அழுத? அந்த ஆஸ்பத்திரி சீன்லயா?" என்று வீடு வரைக்கும் கேட்டுக்கொண்டே வருவார். அம்பத்தூர் எஸ்டேட்டில் லேத் ஓட்டுகிற ஆள், பகலெல்லாம் இரும்போடு மல்லுக்கட்டிவிட்டு வருகிறவருக்கு இதில் என்ன அக்கறை என்று எனக்குச் சிரிப்பாக இருக்கும். சொல்லவே மாட்டேன்.

எழுபதுகளின் ஆரம்பத்தில் ஒரு ஐப்பசி மழையில் கொட்டாயின் முன்பக்கக் கூரை விழுந்துவிட்டது. நல்ல வேளையாக உள்ளே ஆளில்லை. அதிகாரிகள் வந்து பார்த்துவிட்டு, படம் ஓட்டக் கூடாது என்று பூட்டிவிட்டுப் போனார்கள். முதலாளியின் பிள்ளைகளுக்குச் சினிமாவில் நாட்டமில்லை. தகடு வியாபாரம் செய்கிற ஒருவர் வாங்கி இடித்துக் கிடங்கு கட்டப் போகிறார் என்று பேச்சு அடிபட்டது. நான் அக்காவிடம் சொன்னபோது அவர் முகம் செத்துவிட்டது. "நமக்குனு இருந்தது அது ஒண்ணுதான், அதுவும் போச்சா?" என்றார். வேறு எந்தக் கொட்டகைக்கும் பாய் அவரை அனுப்ப மாட்டார் என்று எங்கள் இருவருக்கும் தெரியும்.

அப்போதுதான் ஊரில் ஒரு கமிட்டி கிளம்பியது. அதுவரை ஒருவன் ஒட்டிய போஸ்டர் மேல் மற்றவன் சாணியடித்துக்கொண்டிருந்த இரண்டு நடிகர்களின் ரசிகர்களும் ஒரே பெஞ்சில் உட்கார்ந்தார்கள் என்றால் பார்த்துக்கொள்ளுங்கள். ஆவடிப் பக்கம் ஒரு தொழிற்சாலையில் வேலை பார்த்த இளைஞர் ஒருவர் செயலாளர். நல்ல மனிதர், ஆனால் தண்ணீர் கேட்டாலும் மேடையில் பேசுவது மாதிரிதான் கேட்பார். என் வீட்டுக்காரரும் கமிட்டியில் சேர்ந்தார். ஊர்க்காரர்களே சரிசெய்து கொடுத்தால் மறுபடி நடத்துகிறோம் என்று முதலாளியின் பிள்ளைகள் ஒப்புக்கொண்டார்கள். ஞாயிற்றுக்கிழமைகளில் வேலை நடந்தது. கொத்தனார் கூலி வாங்காமல் வந்தார், எஸ்டேட் ஆட்கள் இரும்பு வேலையைப் பார்த்துக்கொண்டார்கள், பெயிண்டர் ஒருவர் சுதைப் பெண்ணுக்குப் புது மூக்கு வைத்தார். அந்த மூக்கு கொஞ்சம் பெரிசு.

பெண்களும் வர வேண்டும் என்று செயலாளர் தெருத்தெருவாகச் சொல்லிவிட்டுப் போனார். ஒரு ஞாயிறு போனோம். வெள்ளைத் துப்பட்டியை இடுப்பில் இறுக்கிச் செருகிக்கொண்டு அக்காவும் வந்தார், சந்துக்குள்தானே நிற்கப் போகிறோம் என்று பாய் சம்மதித்திருந்தார். ஆண்கள் உள்ளேயிருந்து செங்கல்லை வாரி வந்து வளைவின் கீழ் கொட்டினார்கள். நாங்கள் வரிசையாக நின்று அதைக் கைக்குக் கை மாற்றிச் சந்துக்குள் அனுப்பினோம். சந்தின் கடைசியில், எங்கள் கதவுக்குப் பக்கத்தில், அக்கா அவற்றை அடுக்கினார். விழுந்த கூரையோடு சரிந்த சுவர்க் கல் என்றுதான் நினைத்தோம். யாரும் கேட்கவில்லை, யாரும் சொல்லவுமில்லை. ஒரே பாட்டும் கும்மாளமுமாக இருந்தது. டிக்கெட் அம்மாள், "டிக்கெட் இருக்கா?" என்று ஒவ்வொரு கல்லையும் கேட்டுவிட்டுத்தான் அனுப்பினார். அவ்வளவு சந்தோஷமாக நான் வேலை செய்த நாள் அதற்கு முன்னால் இல்லை.

அன்று ராத்திரி சாப்பிடும்போது என் வீட்டுக்காரர், "ஒனக்கு ஒரு சமாசாரம் வெச்சிகீறேன், தெறக்கிற அன்னிக்கு சொல்றேன்" என்றார். எவ்வளவு கேட்டும் சிரித்துக்கொண்டே ரசத்தை உறிஞ்சினார்.

திறப்பு நெருங்கிய வாரத்தில் அக்காவும் நானும் கடைக்குப் போகிற சாக்கில் சந்துக்குள் நுழைந்து பார்த்தோம். கதவைக் காணோம். டிக்கெட் பொந்தும் இல்லை. இரண்டும் இருந்த இடத்தில் செங்கல் அடைத்துக் கட்டியிருந்தது. பூச்சு வேலை பாக்கி. சந்து மாறி வந்துவிட்டோமா என்று ஒரு நிமிஷம் திரும்பிக்கூடப் பார்த்தேன். அக்கா கிட்டே போய்க் கல்லைத் தொட்டார். பழைய காரை சில கற்களில் அப்படியே ஒட்டியிருந்தது. அந்தக் காரையில் சுண்ணாம்புக் கோடுகள். ஒன்று நட்டுக்க நின்றது, ஒன்று தலைகீழாக, ஒன்று படுத்துக் கிடந்தது.

"இது என்னோடது புள்ளே" என்றார் அக்கா.

எனக்கு அப்போதும் மண்டையில் ஏறவில்லை. உள்ளே இருந்த சுவரின் கோடு வெளியே எப்படி வந்தது என்று அசடு மாதிரி யோசித்துக்கொண்டு நின்றேன். அப்புறம்தான் ஏறியது. எங்கள் சுவரை இடித்திருக்கிறார்கள். அந்தக் கல்லை எங்கள் கையாலேயே கொண்டுவர வைத்து எங்கள் கதவை அடைத்திருக்கிறார்கள்.

முன்பக்கம் நின்று வர்ணத்தை மேற்பார்த்துக்கொண்டிருந்த செயலாளரிடம் போய்க் கேட்டேன். அக்கா எனக்குப் பின்னால் துப்பட்டியை இழுத்துப் போர்த்திக்கொண்டு நின்றார்.

"தாய்மார்களைச் சுவருக்குப் பின்னால் அடைத்துவைத்த காலம் மலையேறிவிட்டதம்மா" என்றார் அவர். "இனிமேல் எல்லாருக்கும் ஒரே வாசல். நீங்களும் ராணி மாதிரி முன்வாசல் வழியாக வரலாம். உங்களுக்காகத்தானே இடித்தோம்!"

நியாயமாகத்தான் பேசினார். இத்தனை நாள் மூத்திரச் சந்து வழியாக நாங்கள் போய்வந்தது என்ன பெருமையா? இல்லை. இவருக்கு நன்றி சொல்வதா, நாலு வார்த்தை திட்டுவதா? திரும்பிப் பார்த்தால் அக்கா தெருமுனைக்குப் போயிருந்தார்.

வேலையிலிருந்து வந்த என் வீட்டுக்காரரை வாசலிலேயே மடக்கினேன். "சுவரை இடிச்சது யாரு?"

அவர் முகமெல்லாம் பல்லாகிவிட்டது. "அதுக்குள்ள பாத்துட்டியா? மொத கடப்பாரை போட்டதே நான்தாம்மே. கல்யாணம் ஆன நாள்லேந்து சோடாக் கட வரிக்கும்தான ஒண்ணா போறோம். இனிமே பக்கத்துல பக்கத்துல குந்திகினு பாக்கலாம். இத்தான் அந்த சமாசாரம்."

அவர் மேல் கோபத்தைக் காட்டத்தான் வாசலில் நின்றேன். அது எங்கே போயிற்றென்று தெரியவில்லை. இந்த மனிதருக்கு இப்படியொரு ஆசை இருந்தது எனக்கெப்படித் தெரியாமல் போயிற்று என்று உள்ளுக்குள் பூரித்தும் போனேன். அடுத்த நொடியே அக்கா தொட்டுப் பார்த்த அந்தக் கல் கண்முன் வந்தது. "அக்கா எப்படி வருவாங்க?" என்று கேட்டேன். அவர் விழித்தார். அப்படியொரு கேள்வி இருப்பதே அவருக்கு அப்போதுதான் தெரிந்தது. "பாய்கிட்ட பேசிப் பாக்குறேன்" என்றார்.

பேசவும் செய்தார். பாய் கோபப்படவில்லையாம். "நல்லா செஞ்சிகீறீங்க, அழகா கீது" என்றாராம். அக்காவை அனுப்புகிற பேச்சு வந்ததும் பஞ்சடிக்கப் போய்விட்டாராம். டிக்கெட் அம்மாளும் இன்னும் சில பெண்களும் நானும் சேர்ந்து, கதவையாவது திறந்துவிடுங்கள் என்று கமிட்டியில் கேட்டுப் பார்த்தோம். கமிட்டியில் ஒருவர் நடுவில் கயிறு கட்டலாம் என்றார், இன்னொருவர் திரை போடலாம் என்றார். மாடு கட்டுகிற இடமா என்று டிக்கெட் அம்மாள் கேட்டதும் எல்லாரும் சிரித்தார்கள். அந்தச் சிரிப்போடு கூட்டம் கலைந்துவிட்டது. மறுநாள் கதவிருந்த இடத்தைப் பூசி வெள்ளையடித்தார்கள்.

முதல் படத்துக்கு நான் போவதில்லை என்றுதான் இருந்தேன். அக்காதான் விடவில்லை. "அந்த ஆளு ஆசையா இடிச்சிகீறாரு, போய்க் குந்து" என்றார். "பாத்துட்டு வந்து எனக்குக் கதை சொல்லு. ஒண்ணு வுடாம சொல்லணும்." கிண்டலாகத்தான் சொன்னார். ஆனால் என் முகத்தைப் பார்க்காமல் அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டே சொன்னார்.

சோடாக் கடையில் பிரியாமல் நடந்தோம். முதல் முறையாக அந்த வளைவுக்குள் நுழைந்தேன். கண்ணாடி இருந்தது, அவர் சொன்னதைவிடப் பெரிசு. அதில் என்னை முழுசாகப் பார்த்தேன், பக்கத்தில் இஸ்திரி போட்ட சட்டையில் அவர். படிக்கட்டு வளைந்து வளைந்து போயிற்று. கூரையில் தாமரை நிஜமாகவே இருந்தது; இத்தனை வருஷம் அதன் கீழேயே உட்கார்ந்திருந்தும் அண்ணாந்து பார்க்கத் தோன்றவில்லை. சுவர் இருந்த இடத்தில் புது சிமென்ட் நீளமாக ஒரு பட்டையாகத் தெரிந்தது. அதன் மேல் நாற்காலிகள் போட்டிருந்தார்கள். எனக்கு இடது பக்கம் அவர் உட்கார்ந்தார். சுற்றிலும் ஆண்கள். மடியில் கையை வைத்துக்கொண்டு நிமிர்ந்தே உட்கார்ந்திருந்தேன். முறுக்குப் பொட்டலம் வாங்கி வந்து பிரித்து என் மடியில் வைத்தார்.

படத்தில் கதாநாயகியின் மாமியார் ஒருத்தி தட்டை விட்டெறிந்தாள். அக்காவுக்கு ரொம்பப் பிடித்த மாதிரியான மாமியார். சிரிப்பு வந்துவிட்டது. "அக்கா" என்று இடது பக்கம் திரும்பினேன்.

"இன்னாது?" என்றார் அவர், ஆசையாகக் குனிந்து.

ஒன்றுமில்லை என்று தலையாட்டினேன். கண்ணிலிருந்து தண்ணீர் தானாக ஓடியது, நிறுத்த முடியவில்லை. திரையில் அப்போது யாரோ யாரையோ பிரிந்துகொண்டிருந்தார்கள். அவர் திரையைப் பார்க்கவில்லை. என் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார், இத்தனை வருஷம் சோடாக் கடையில் கேட்டுக் கேட்டுக் கிடைக்காத பதில் கிடைத்துவிட்டதுபோல. முந்தின நாள் கமிட்டிக்காரர்களுக்கு மட்டும் ஓட்டிக் காட்டியபோது படத்தை அவர் பார்த்திருந்தார். என் கையைப் பிடித்துக்கொண்டு காதோடு சொன்னார்:

"அழுவாதம்மே. கடைசில ரெண்டு பேரும் சேந்துடுவாங்க."