ஃபோர்மலுக்கு முன் இரண்டு வீடுகள்

நாங்கள் குடியேறிய இந்த நாட்டில் ஒரு விருந்துக்குப் போவதென்றால் அதற்கு முன் இன்னொரு விருந்துக்குப் போக வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பு முடிக்கும் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடம் ஃபோர்மல் என்றொரு விருந்து வைக்கும். அதற்கு முன்னர் பிள்ளைகள் யாராவது ஒருவர் வீட்டு வளவில் கூடிப் படம் எடுப்பார்கள். நாங்கள் இருக்கும் கிளென் வேவர்லியில், என் மகள் படிக்கும் பள்ளிக்கு அப்படி இரண்டு வீடுகள்: வெள்ளைக்காரப் பிள்ளைகளுக்கு ஒன்று, நம்மவர்களுக்கு ஒன்று. பள்ளிக்கூடம் இப்படியொரு சட்டம் போடவில்லை. மகளோடு படிக்கும் வெள்ளைக்காரப் பிள்ளை கிளேரின் தாய் அதே பள்ளியில் படித்த காலத்திலும் இதே வழக்கம்தானாம்.

கிளேர் என் மகள் ஆரணியின் உயிர்த்தோழி. இம்முறை நம்மவர்களுக்கு எங்கள் வீடு தெரிவானது. பிள்ளைகள் சாப்பிட உறைப்பு ரோல்ஸுக்கும் நான் சொல்லிவிட்டேன். கடையில் கண்ட கிளேரின் தாய், ஆரணியைக் கூப்பிட நினைத்ததாகவும், தன் ஆட்களோடு இருப்பதுதான் அவளுக்கு வசதி என்று விட்டுவிட்டதாகவும் சொன்னார். எங்களுக்கும் அதுதான் வசதி என்று நானும் தலையாட்டினேன். மிகுந்த பண்போடு பிரிந்தோம். வீட்டுக்கு வந்ததும் வெள்ளையரின் இனவாதம் பற்றிக் கணவருக்கு அரை மணி நேரம் விரிவுரை ஆற்றினேன்.

கேட்டுக்கொண்டிருந்த ஆரணி, "அம்மா, டிட் யூ இன்வைட் கிளேர்?" என்றாள்.

கிளேருக்கு எங்கள் உறைப்பு ஒத்துக்கொள்ளாது என்றேன். கிளேரோ எங்கள் குசினியில் இடியப்பமும் சம்பலும் சாப்பிட்டு வளர்ந்தவள்.

அப்போதுதான் செல்வி நினைவுக்கு வந்தாள். யாழ்ப்பாணத்தில் ஐந்து வருடம் எனக்குப் பக்கத்தில் இருந்து படித்தவள். சோதனை முடிந்து எங்கள் வீட்டில் வகுப்புக்குத் தேநீர் விருந்து வைத்தபோது அவளை மட்டும் கூப்பிட வேண்டாம் என்றார் அம்மா.

"அந்தப் பிள்ளைக்குத்தான் சங்கடமா இருக்கும்."

சாதி என்ற சொல் அவர் வாயில் வரவேயில்லை. அவர் படித்த காலத்திலும் அப்படித்தான் நடந்திருக்கும். நான் மறுத்துப் பேசவில்லை. விருந்து எப்படி என்று செல்வி பிறகு கேட்டாள். நன்றாக இருந்தது என்றேன். இப்போதும் எனக்கு வெட்கமாக இருக்கிறது.

கிளேரின் தாய்க்குத் தொலைபேசி எடுத்து மகளை அனுப்பச் சொன்னேன். அவரும் உடனே ஆரணியைத் தங்கள் வீட்டுக்கு அனுப்பச் சொன்னார். சனிக்கிழமை முதலில் எங்கள் வீட்டில் படம் எடுத்தோம். நம்மவர் பிள்ளைகளின் தாய்மார் கிளேரை ஓரத்தில் நிறுத்தப் பார்க்க, ஆரணி அவளை நடுவுக்கு இழுத்துக்கொண்டாள். பிறகு இருவரையும் நான்தான் கிளேர் வீட்டுக்குக் காரில் கொண்டுபோனேன்.

பிள்ளைகள் இறங்கி ஓடினார்கள். கிளேரின் தாய் வாசல் கேற்றடிக்கு வந்து என்னையும் படத்துக்குக் கூப்பிட்டார். வீட்டில் ஆட்கள் காத்திருக்கிறார்கள் என்றேன். அது பொய்யில்லை. உள்ளே அத்தனை வெள்ளை முகங்களுக்கு நடுவில் நின்று ஆரணி என்னை வரச்சொல்லிக் கையசைத்தாள். நான் எஞ்சினை நிறுத்தவும் இல்லை, காரை எடுக்கவும் இல்லை.